வெட்டுப்படாத பாக்கு: அல்சைமர் நொதிக்குச் சிறு பெப்டைடு தடுப்பான் வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாடு கேரள எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓர் இரும்புப் பாக்குவெட்டி எப்போதும் கிடக்கும். அம்மிச்சிக்கு மறதி முற்றியபோது பேரன்களின் பெயர் போயிற்று, பிறகு மகளின் முகம் போயிற்று. பாக்கு சீவும் கைப்பழக்கம் மட்டும் போகவில்லை. கால் மணிக்கு ஒருமுறை "பாக்கு எங்கே கண்ணு?" என்பார். வெறும் வெட்டியை அசைத்து விரலை நறுக்கிக்கொள்வாரோ என்று பயந்து, என் தம்பி ஒருநாள் பனங்கொட்டை ஓட்டுத் துண்டு ஒன்றை அலகுகளுக்கு நடுவே செருகி வைத்தான். அளவு பாக்கின் அளவுதான், ஆனால் வெட்டுப்படாது. வெட்டி மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. அம்மிச்சி அதை மடியில் வைத்துக்கொண்டு அன்று மாலை முழுவதும் அமைதியாக இருந்தார்.

நொதித் தடுப்பான் என்றால் என்ன என்று வகுப்பில் யாராவது கேட்டால் எனக்கு அந்த ஓட்டுத் துண்டுதான் நினைவுக்கு வருகிறது. நொதி என்பது உடலில் வேதிவினைகளை நடத்தும் புரதம், அதன் வாயில் உட்கார்ந்து வேலையை நிறுத்துவது தடுப்பான், சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி பெப்டைடு. எல்லைக்கு இருபுறமிருந்தும் வரும் முதுகலை மாணவர்களுக்கு உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பேராவது "அல்சைமருக்குப் பெப்டைடு மருந்து" என்ற திட்டப்பணியோடு வந்து நிற்பார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் பாதித் தூரம் போகலாம். மீதித் தூரத்துக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். இதில் வரும் எதுவும் வீட்டில் நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய மருந்து அன்று என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: எந்த நொதி?

நரம்பணுக்களின் சவ்வில் அமிலாய்டு முன்னோடிப் புரதம் என்று ஒன்று இருக்கிறது. அதை முதலில் பீட்டா செக்ரடேஸ் வெட்டுகிறது, அடுத்து காமா செக்ரடேஸ் வெட்டுகிறது. இரண்டு வெட்டுக்கும் இடையில் உதிரும் சுமார் 40 அல்லது 42 அமினோ அமில நீளமுள்ள துண்டுதான் அமிலாய்டு பீட்டா. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் திட்டுத்திட்டாகப் படிவது இதுவே. இவற்றோடு மூன்றாவதாக அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியும் உண்டு. நினைவாற்றலுக்கு வேண்டிய அசிட்டைல்கோலினை உடைப்பது அதன் வேலை. 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டொனெபெசில் தடுப்பது இந்த நொதியைத்தான். அது அறிகுறியைச் சற்று தணிக்கும், நோயின் போக்கை மாற்றாது.

காமா செக்ரடேஸைத் தொடக்கநிலையாளர் தொட வேண்டாம். அது நான்கு புரதங்கள் சேர்ந்த கூட்டு, சவ்வுக்குள் புதைந்து கிடக்கிறது, நாட்ச் என்ற வேறொரு முக்கியமான புரதத்தையும் அதுதான் வெட்டுகிறது. அதைத் தடுத்த செமகாசெஸ்டாட் என்ற மருந்தின் சோதனை 2010-ல் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களின் நிலை எடுக்காதவர்களைவிட மோசமாகியிருந்தது.

மீதி இரண்டில், ஆய்வக வசதி குறைந்த கல்லூரிக்கு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வடிவமைப்பைக் கற்றுக்கொள்ள பீட்டா செக்ரடேஸ் நல்ல ஆசான். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன், சோதனைப் பகுதியில் முதலாவதுக்குத் திரும்புவேன்.

இரண்டாம் படி: நொதியின் வாயைப் பார்த்தல்

பீட்டா செக்ரடேஸை 1999-ல் பல குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. 501 அமினோ அமிலம் கொண்ட புரதம் அது. அதன் பிளவில் எதிரெதிரே இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்கள் இருக்கின்றன, 32-ஆம் இடத்தில் ஒன்று, 228-ஆம் இடத்தில் ஒன்று. பாக்குவெட்டியின் இரண்டு அலகுகள் இவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்து, அதைக் கொண்டு பெப்டைடு பிணைப்பை உடைக்கின்றன. மேலே ஒரு மடல் இருக்கிறது. வெட்டவேண்டியது உள்ளே வந்ததும் அது தாழ்ந்து மூடிக்கொள்கிறது.

புரதத் தரவு வங்கியில் 1எஃப்கேஎன் (1FKN) என்ற குறியீட்டுக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான, 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியமுள்ள கட்டமைப்பு. நொதியோடு ஓஎம்99-2 என்ற தடுப்பானும் சேர்ந்தே படிகமாகியிருக்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் இந்தக் கோப்பில் ஒரு வாரம் செலவிடுங்கள். எந்தப் பக்கச் சங்கிலி எந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது, எங்கே ஹைட்ரஜன் பிணைப்பு, எங்கே சும்மா காற்றில் தொங்குகிறது என்று நோட்டில் கையால் வரையுங்கள். கணினி வரைந்து தருமே என்பார்கள். தரும், ஆனால் கண் பழகாது.

கட்டமைப்பைக் கணக்குக்குத் தயார் செய்யும்போது ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது. இந்த நொதி அமிலச் சூழலில், ஏறத்தாழ பிஎச் 4.5-ல் நன்றாக வேலை செய்கிறது. தடுப்பான் உள்ளே இருக்கும்போது அந்த இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களில் பொதுவாக ஒன்று புரோட்டான் ஏற்றது, மற்றது ஏற்காதது என்று வைத்துத்தான் கணக்கிடுவார்கள். மென்பொருள் இயல்பாக பிஎச் 7 என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் மின்னேற்றத்தோடு விட்டுவிடும். அப்படி விட்டால் அதற்குப் பிறகு மென்பொருள் தரும் பிடிப்பு மதிப்பெண் எல்லாம் பிழைதான்.

மூன்றாம் படி: இயற்கை வெட்டும் இடத்திலிருந்து தொடங்குதல்

புதிதாகப் பெப்டைடு கற்பனை செய்ய வேண்டாம். நொதி எதை விரும்பி வெட்டுகிறதோ அதை எடுத்துக்கொண்டு, வெட்டுப்படாமல் செய்யுங்கள். செய்யவேண்டிய தந்திரம் இவ்வளவுதான்.

இயல்பான புரதத்தில் வெட்டு விழும் இடம் குளூட்டமிக் அமிலம், வேலின், லைசின், மெத்தியோனின் என்ற நான்குக்கும், ஆஸ்பார்டிக் அமிலம், அலனைன், குளூட்டமிக் அமிலம், பினைல்அலனைன் என்ற நான்குக்கும் நடுவில். ஸ்வீடனில் ஒரு குடும்பத்தில் கண்ட மரபணு மாற்றத்தில், வெட்டுக்கு முன்னுள்ள லைசினும் மெத்தியோனினும் அஸ்பராஜினும் லியூசினுமாக மாறியிருந்தன. நொதி இந்த வரிசையை இயல்பான வரிசையைவிடப் பல மடங்கு வேகமாக வெட்டுகிறது, அந்தக் குடும்பத்தில் நோய் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தது. நொதிக்கு எது ருசி என்று இயற்கையே எழுதிக்காட்டிய குறிப்பு இது.

ஜோர்டன் டாங், அருண் கோஷ் ஆகிய ஆய்வாளர்களின் குழுக்கள் இந்தக் குறிப்பைத்தான் படித்தன. ஸ்வீடன் வரிசையை எடுத்து, வெட்டுக்கு அடுத்துள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தை அலனைனாக்கி, வெட்டு விழும் பெப்டைடு பிணைப்பு இருந்த இடத்தில் ஹைட்ராக்சிஎத்திலீன் என்ற அமைப்பை வைத்தார்கள். பிணைப்பு உடையும் நொடியில், நீர் வந்து ஒட்டிய நிலையில், அந்தக் கார்பன் எப்படி இருக்குமோ அதே சாயல் இதற்கு உண்டு. ஆனால் நைட்ரஜன் இல்லை, எனவே உடைய வழியில்லை. இதன் ஹைட்ராக்சில் தொகுதி இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களுக்கும் நடுவில், நீர் இருந்த இடத்தில் போய் உட்காருகிறது. எங்கள் வீட்டுப் பனங்கொட்டை ஓடுதான் இது. இரண்டாம் படியில் பார்த்த ஓஎம்99-2 இதுவே. இதன் தடுப்பு மாறிலி 1.6 நானோமோலார்; இந்த எண் சிறியதானால் பிடிப்பு இறுக்கம்.

இந்த யோசனை வானத்திலிருந்து குதித்ததும் அன்று. பெப்ஸ்டாட்டின் என்ற நுண்ணுயிர்ப் பெப்டைடில் இதே சாயலுள்ள ஸ்டாட்டின் அமினோ அமிலம் இருப்பது முன்பே தெரியும். எச்ஐவி கிருமியின் புரோட்டியேஸ் என்ற புரதம் வெட்டும் நொதியும், இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களால் வெட்டும் இதே ஆஸ்பார்டிக் குடும்பம்தான். அதற்கான சக்வினாவிர் 1995-ல் மருந்தாயிற்று. பின்னாளில் வந்த டருனாவிரை உருவாக்கியவரும் இதே அருண் கோஷ்தான். ஆகவே 2000-ல் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது: எச்ஐவியில் நடந்தது அல்சைமரிலும் நடக்கும் என்று. அது ஏன் நடக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம்.

நான்காம் படி: வாளையாரைத் தாண்டும் எடை

வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்ற காலம் நினைவிருப்பவர்களுக்கு இரத்தத்திலிருந்து மூளைக்குள் எதையும் எளிதில் விடாத இரத்த மூளைத் தடுப்பை விளக்க வேண்டியதில்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அங்கே வரிச்சாவடி எடுபட்டது. மூளையின் சாவடியை யாரும் எடுக்கவில்லை.

வழக்கமாக மூளைக்குள் போகும் மருந்துகளின் மூலக்கூறு எடை 450-க்குள் இருக்கும், துருவப் பரப்பு, அதாவது நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற நீரை ஈர்க்கும் அணுக்களின் பரப்பு, 90 சதுர ஆங்ஸ்ட்ராமைத் தாண்டாது. ஓஎம்99-2-இன் எடை 893. அதை விடுங்கள், நம் கணக்கைப் போடுவோம். ஒரு பெப்டைடு பிணைப்புக்குத் துருவப் பரப்பு சுமார் 29. முனையிலுள்ள அமீனுக்கு 26, மறுமுனை அமிலத்துக்கு 37. நான்கு அமினோ அமிலம் என்றால் மூன்று பிணைப்பு: 87, 26, 37 சேர்ந்து 150. மூன்று அமினோ அமிலத்துக்கு 121. இரண்டே இரண்டு சேர்ந்தாலும் 92. பக்கச் சங்கிலிகளில் துருவம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டே இந்தக் கணக்கு. இருவர் மட்டும் ஏறிய வண்டியே எடைமேடையில் சிவப்பு விளக்கு போடுகிறது.

அப்படியானால் பெப்டைடு எதற்கு என்று கேட்பீர்கள். பெப்டைடு என்பது வரைபடம். எந்தக் குழிக்கு எது பொருந்துகிறது என்று அது சொல்லித்தரும். பிறகு அதைப் பெப்டைடு அல்லாததாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். பிணைப்பின் நைட்ரஜனில் மெத்தில் ஏற்றினால் துருவப் பரப்பு சுமார் 9 குறைகிறது, ஹைட்ரஜன் கொடுக்கும் முனையும் ஒன்று போகிறது. இயற்கை அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்பமான வலது கை அமினோ அமிலத்தைப் போட்டால் குடலிலுள்ள நொதிகள் எளிதில் கடிக்காது. இரண்டு முனையையும் வளைத்து வளையமாக்கலாம். 11 அமினோ அமிலமும் 1202 எடையும் கொண்ட சைக்ளோஸ்போரின் வாய்வழி மருந்தாக இருக்கிறதே என்று சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான். ஏழு மெத்தில்கள் ஏறிய வளையம் அது. இருந்தாலும் குடலைத் தாண்டுவது வேறு, மூளைச் சாவடியைத் தாண்டுவது வேறு. உள்ளே நுழைந்ததைத் திருப்பி வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பும் அங்கே காவல் நிற்கிறது.

மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி இது: எட்டு அமினோ அமிலத்தில் தொடங்குங்கள், நான்குக்கு இறங்குங்கள், ஒவ்வொரு இறக்கத்திலும் எவ்வளவு பிடிப்பு இழந்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஐந்தாம் படி: கணினியில் பொருத்துதல்

ஆட்டோடாக் வினா என்ற இலவச மென்பொருள் போதும். முதல் வேலை, படிகத்திலுள்ள தடுப்பானை வெளியே எடுத்து, மறுபடி அதே இடத்தில் பொருத்தச் சொல்வது. அசல் இருப்பிடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் உங்கள் அமைப்பு சரி. ஓஎம்99-2-ஐக் கொண்டு இதைச் செய்தால் பெரும்பாலும் தோற்பீர்கள். சுழலும் பிணைப்புகள் அதில் ஏராளம், வினா அவ்வளவு சுழற்சியைத் தாங்காது. அது உங்கள் தவறன்று. சிறிய தடுப்பானுள்ள வேறொரு கட்டமைப்பை எடுத்து முயலுங்கள்.

இருபது அமினோ அமிலங்களில் மூன்றைச் சேர்த்தால் 8,000 வகை, நான்கைச் சேர்த்தால் 1,60,000. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 8,000-க்கு ஐந்தரை நாள். மடிக்கணினியை மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்வரலாம். 1,60,000-க்கு நூற்றுப் பதினொரு நாள். அதனால்தான் மூன்றாம் படியில் இயற்கையின் வரிசையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

இனி மதிப்பெண், அதாவது மென்பொருள் கிலோகலோரியில் கணிக்கும் பிடிப்பு ஆற்றல். மைனஸ் கூடினால் பிடிப்பு இறுக்கம். மாணவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். "ஐயா, மைனஸ் 9.1 வந்துவிட்டது, டொனெபெசிலுக்கு மைனஸ் 8.7தான்" என்று ஓடி வருவார்கள். அறை வெப்பத்தில் பிடிப்பு பத்து மடங்கு கூடுவதற்கு வேண்டிய ஆற்றல் 1.4 கிலோகலோரி. இத்தகைய மென்பொருளின் கணிப்பில் 2 முதல் 3 கிலோகலோரி வரை பிழை சாதாரணம். அதாவது நூறு மடங்கு அப்படி இப்படி ஆகலாம். 0.4 வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நம்முடையது டொனெபெசிலைவிடச் சிறந்தது என்று எழுதிய திட்ட அறிக்கைகள் என் அலமாரியில் ஓர் அடுக்கு இருக்கின்றன. அதில் ஒன்று நான் எழுதியது.

மதிப்பெண்ணுக்குப் பதிலாக நான் மூன்று கேள்விகள் கேட்பேன். ஹைட்ராக்சில் இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களையும் தொடுகிறதா? வேலை செய்யாது என்று ஏற்கனவே தெரிந்த பெப்டைடுகளைப் போட்டால் அவை கீழே போகின்றனவா? பெப்டைடின் முதுகெலும்பு, அதாவது அதன் மையச் சங்கிலி, நீட்டி நிற்கிறதா?

மூன்றாவது கேள்வி ராமச்சந்திரன் படத்துக்கு உரியது. புரோட்டியேஸ் நொதிகள் தங்களுக்குள் வரும் பெப்டைடைப் பீட்டா இழை போல நீட்டித்தான் பிடிக்கின்றன. அந்தச் சங்கிலி திரும்பும் இரண்டு கோணங்களைப் பார்த்தால், பை மைனஸ் 120-ஐ ஒட்டியும் சை 130-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். பொருத்திய பெப்டைடு சுருண்டுபோய், படத்தில் தடைப்பகுதியில் விழுந்தால், மதிப்பெண் எதுவானாலும் தூக்கிப் போடுங்கள். எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தம் சகாக்களோடு 1963-ல் வெளியிட்ட படம் இது. கணினி வசதி இல்லாத காலத்தில், அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்காத கோணங்கள் எவை என்று கணக்குப் போட்டு முடித்த வேலை. எந்த நாட்டு ஆய்வகத்தில் கட்டமைப்பு வெளியானாலும் இந்தப் படத்தில் சரிபார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

தேறியவற்றை, அணுக்களின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் போன்ற மென்பொருளில் 100 நானோநொடி ஓடவிட்டுப் பாருங்கள். பெப்டைடு குழியைவிட்டு நழுவுகிறதா, மடல் திறக்கிறதா என்பது தெரியும். ஒரே ஓட்டத்தை நம்பாமல், தொடக்க வேகங்களை மாற்றி மூன்று முறை ஓட்டுங்கள்.

ஆறாம் படி: செய்தல்

அதே 1963-ல்தான் மெரிஃபீல்டு திண்மப் பரப்பில் பெப்டைடு கட்டும் முறையை வெளியிட்டார். 1984-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. பிசின் மணியில் முதல் அமினோ அமிலத்தை ஒட்டி, அதன் அமீன் முனையை மூடியிருக்கும் எஃப்மாக் காப்பைப் பிப்பரிடினால் கழற்றி, அடுத்ததை இணைத்து, கழுவி, மறுபடி கழற்றி, இணைத்து. ஒவ்வொரு இணைப்பிலும் 99 சதவீதம் கிடைத்தால் ஏழு இணைப்புக்குப் பின் 93 சதவீதம் மிஞ்சும். 95 தான் கிடைத்தால் 70. ஒவ்வொரு சுற்றிலும் நின்ஹைட்ரின் சோதனையில் நீலம் வருகிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் இணைப்பு முடியவில்லை.

வெளியில் செய்து வாங்குவதானால் 95 சதவீதத் தூய்மை கேளுங்கள், மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைமாலைத் தாளையும் கேட்டு வாங்குங்கள். ஹைட்ராக்சிஎத்திலீன் அமைப்பு எளிதில் கிடைக்காது, ஸ்டாட்டின் கிடைக்கும். வந்த தூளைச் சிறு குப்பிகளில் பிரித்து உறையவையுங்கள். எங்கள் ஊரில் கோடையில் மின்சாரம் போய்வரும். ஒரே குப்பியில் இருந்தால் உருகி உறைந்து உருகி, மூன்றாம் மாதம் எதை அளக்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

ஏழாம் படி: அளத்தல்

பீட்டா செக்ரடேஸுக்கு, வெட்டுப்பட்டால் ஒளிரும் பெப்டைடு விற்கிறார்கள். பிஎச் 4.5 அசிட்டேட் கரைசலில், பெப்டைடைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவத்தின் அளவை எல்லாக் குழிகளிலும் ஒரே மாதிரி வைத்து, தடுப்பானின் செறிவை மாற்றி ஒளிர்வை அளக்க வேண்டும். பாதி வேகம் குறையும் செறிவு கிடைக்கும். அதிலிருந்து தடுப்பு மாறிலிக்கு செங் புருசாஃப் சமன்பாடு. வெட்டப்படும் பொருளின் செறிவு மைக்கேலிஸ் மாறிலிக்கு, அதாவது நொதி பாதி வேகத்தில் ஓடும் செறிவுக்கு, சமமாக இருந்தால், போட்டித் தடுப்பானுக்குத் தடுப்பு மாறிலி மேலே அளந்த தடுப்பான் செறிவில் பாதி.

அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்றால் எல்மன் முறை, 1961-ஆம் ஆண்டு முறை, விலை மலிவு. மஞ்சள் நிறம் எழும், 412 நானோமீட்டரில் படியுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த மஞ்சள் நிறம் தயோல் தொகுதி கண்ட இடமெல்லாம் வரும். உங்கள் பெப்டைடில் சிஸ்டீன் இருந்தால் நொதி இல்லாமலே மஞ்சளாகும். என் மாணவி ஒருத்தி மூன்று வாரம் "தடுப்பான் நொதியைத் தூண்டுகிறது" என்று குழம்பியிருந்தாள். நொதி சேர்க்காத ஒரு குழியை வைத்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மேலும் மூன்று சோதனைகள். சிறிதளவு டிரைட்டான் சோப்பு சேர்த்தபின் தடுப்பு மறைந்தால், உங்கள் பெப்டைடு உருண்டை கட்டி நொதியை விழுங்கியிருக்கிறது, தடுக்கவில்லை. நொதியோடு ஒரு மணி நேரம் ஊறவைத்து நிறைமாலை எடுங்கள். பெப்டைடு இரண்டு துண்டாகக் கிடந்தால் நீங்கள் செய்தது தடுப்பான் அன்று, இரைதான். கடைசியாக கேத்தெப்சின் டி. அதுவும் ஆஸ்பார்டிக் குடும்பம், லைசோசோமில் குப்பை அள்ளும் நொதி. அதையும் தடுத்தால் உயிரணுவுக்குள் குப்பை சேரும். பீட்டா செக்ரடேஸுக்கும் அதற்கும் குறைந்தது நூறு மடங்கு வித்தியாசம் வேண்டும் என்பது என் கணக்கு.

இரத்தச் சீரத்தில் 37 டிகிரியில் வைத்து 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் பாருங்கள். சாதாரண நேர்க்கோட்டுப் பெப்டைடு பல நேரம் முதல் அரை மணியிலேயே காணாமல் போகும். மனம் தளர வேண்டாம், எந்தப் பிணைப்பில் உடைந்தது என்று நிறைமாலை சொல்லும், நான்காம் படிக்குத் திரும்பிப் போய் அந்த இடத்தில் மெத்திலை ஏற்றுங்கள்.

எட்டாம் படி: எவ்வளவு தடுப்பது?

சிறந்த வேதியியலாளர்கள் இந்த வழியெல்லாம் நடந்து, பெப்டைடை உதறி, மூளைக்குள் போகும் சிறு மூலக்கூறுகளைச் செய்தும் காட்டினார்கள். அவற்றில் ஒன்றான வெருபெசெஸ்டாட் என்ற மருந்து நோயாளிகளின் தண்டுவட நீரில் அமிலாய்டு பீட்டாவை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. நொதிக்கணக்கில் முழு வெற்றி. ஆனால் 2017-ல் லேசான, மிதமான நோயுள்ளவர்களிடமும், 2018-ல் ஆரம்பநிலை நோயாளிகளிடமும் சோதனையை நிறுத்தினார்கள். இரண்டாவது குழுவில் சில அளவைகளில் நினைவாற்றல் மருந்து எடுக்காதவர்களைவிடச் சற்று குறைந்தே போனது. அட்டபெசெஸ்டாட், லனபெசெஸ்டாட், எலன்பெசெஸ்டாட், உமிபெசெஸ்டாட் என்று வரிசையாக 2019-க்குள் எல்லாம் நின்றன.

காரணங்களில் ஒன்று அமிலாய்டு ஏற்கனவே படிந்த பிறகு மருந்து தொடங்கியது. மற்றொன்று, இந்த நொதிக்கு வேறு வேலைகள் இருப்பது. நரம்பிழையின் உறையோடு தொடர்புள்ள நியூரெகுலின், நரம்பணுக்களின் இணைப்போடு தொடர்புள்ள செஸ்6 போன்றவற்றையும் இது வெட்டுகிறது. அம்மிச்சியின் வெட்டி பாக்குக்கு மட்டும் ஆனதில்லை. வெல்லக்கட்டியையும் அதில்தான் நறுக்குவார், சுக்கையும் அதில்தான் பிளப்பார். ஓட்டைச் செருகியபோது எல்லாமே நின்றது.

இதற்கு எதிர்முனையில் ஐஸ்லாந்து இருக்கிறது. அங்கே சிலருக்கு, வெட்டுமிடத்தை அடுத்த 673-ஆம் இடத்தில் அலனைன் திரியோனினாக இருக்கிறது என்று 2012-ல் கண்டார்கள். ஆய்வகத்தில் உயிரணுக்களில் வைத்துப் பார்த்தபோது அமிலாய்டு பீட்டா உற்பத்தி சுமார் 40 சதவீதம் குறைந்தது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் அரிது. முழுதாக நிற்கவில்லை, பிறந்ததிலிருந்து கொஞ்சம் குறைந்திருந்தது, நொதி தன் மற்ற வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. ஆகவே தடுப்பு மாறிலி 1.6-ஐ 0.3 ஆக்கினேன் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமிலாய்டு முன்னோடியை மட்டும் குறிவைத்து, மெதுவாக்கும் தடுப்பான்தான் இன்று தேடவேண்டியது. அந்த நொதி வேலை செய்வது உயிரணுவுக்குள் இருக்கும் எண்டோசோம் என்ற அமிலமான சிறு பையில். 2008-ல் ஒரு குழு, பெப்டைடுத் தடுப்பானில் ஸ்டீரால் வால் ஒன்றை ஒட்டி, சவ்வோடு சேர்ந்தே எண்டோசோமுக்குள் போகச் செய்தது. அதே தடுப்பான் வால் இல்லாமல் இருந்ததைவிட நன்றாக வேலை செய்தது. மாணவர்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள யோசனை இது.

எனவே உயிரணுச் சோதனையில் ஸ்வீடன் வரிசையுள்ள முன்னோடிப் புரதத்தை உருவாக்கும் எச்ஈகே என்ற ஆய்வக மனித உயிரணுக்களை எடுத்து, மூன்று நெடுவரிசை போடுங்கள். முதலில் 40 அமினோ அமில நீளமுள்ள அமிலாய்டு பீட்டா எவ்வளவு குறைந்தது. அடுத்து உயிரணுக்கள் எத்தனை சாகாமல் இருக்கின்றன. மூன்றாவது, செஸ்6 இன்னும் வெட்டப்படுகிறதா. இந்த உயிரணுக்கள் செஸ்6-ஐத் தாமாகப் போதிய அளவு செய்யாது, அதன் மரபணுவையும் சேர்த்து ஏற்ற வேண்டும். முதல் நெடுவரிசையில் 40 சதவீதக் குறைவும் மூன்றாவதில் ஏறத்தாழ மாற்றமின்மையும் வருமானால், அந்தப் பெப்டைடின் தடுப்பு மாறிலி மைக்ரோமோலாராகவே இருந்தாலும், அதைக் கொண்டு என் அறைக்கு வாருங்கள். ஞாயிறானாலும் பரவாயில்லை.